பைற்றர் குஞ்சுக்கு இன்ஃபியூசோரியா: அது என்ன உயிர், ஏன் அந்தப் பெயர், எப்படி வளர்ப்பது?

உப்புவெளி_பைற்றர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு சோடி பைற்றர் மீன் வளர்க்கிறேன். ஆண் மீன் நுரைக்கூடு கட்டி, முட்டையும் விழுந்து, நேற்று விடிய குஞ்சு பொரித்துவிட்டது. இப்போது எல்லாம் வாலைத் தொங்கப்போட்டுக்கொண்டு நுரைக்குக் கீழே ஒட்டி நிற்கின்றன. ஒன்று நழுவி விழுந்தால் தகப்பன் மீன் வாயால் கவ்விக்கொண்டுபோய்த் திரும்ப நுரைக்குள் வைக்கிறது.

டவுனில் மீன் விற்கும் கடையில் சாப்பாடு பற்றிக் கேட்டேன். இரண்டு மூன்று நாளில் கிடையாக நீந்தத் தொடங்கும், அப்போது இன்ஃபியூசோரியா கொடுக்க வேண்டும், வேறு எதுவும் அந்த வாய்க்குள் போகாது என்றார்கள். அது விற்பனைக்கு வராதாம், வீட்டிலேதான் செய்ய வேண்டுமாம். வாழைப்பழத்தோலைத் தண்ணீரில் போட்டு வைத்தால் தானாக வரும் என்றும் சொன்னார்கள்.

எனக்கு விளங்காதது இதுதான். இன்ஃபியூசோரியா என்பது ஒரு உயிரின் பெயரா, பல உயிர்களுக்குப் பொதுப்பெயரா? தங்கச்சி உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். அவளுடைய புத்தகத்தில் பரமேசியம், யூக்ளினா, அமீபா என்று ஒருகல உயிர்கள் எல்லாம் இருக்கிறது, இந்தப் பெயர் மட்டும் இல்லை. வாழைப்பழத்தோலுக்கும் இந்தப் பெயருக்கும் என்ன தொடர்பு? செய்முறையும் சொன்னால் பெரிய உதவி. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உவர். குழாய்த் தண்ணீரும் இருக்கிறது.

---

சீனக்குடா_மீன்தொட்டி எழுதியது:

தம்பி, பெயர் விஷயம் படித்தவர்கள் சொல்லட்டும். நான் செய்முறையை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கு நேரம் குறைவு. இன்றைக்கு ஊறல் போட்டால் நம் வெக்கைக்கு மூன்று முதல் ஐந்து நாளில் பிடிக்கும். உங்கள் குஞ்சுக்கு நாளை மறுநாளே பசிக்கும். ஆகவே புதிதாகப் போடுவதோடு யாரிடமாவது, ஏற்கனவே உயிர் பிடித்த விதைத் தண்ணீர் ஒரு போத்தலும் வாங்குங்கள். சீனக்குடாப் பக்கம் வர முடிந்தால் நானே தருகிறேன்.

குழாய்த் தண்ணீரை வாளியில் ஒரு நாள் திறந்து வைத்துக் குளோரீன் போன பிறகு பாவியுங்கள். வாழைப்பழத்தோல் என்றால் இரண்டு விரல் அகலத் துண்டு போதும், முழுத்தோலையும் போட்டால் அழுகி நாறும். தொட்டியில் பாசி இருந்தால் அதைப் பிழிந்த தண்ணீரிலும் கொஞ்சம் இருக்கும். அந்தரத்துக்கு அவித்த முட்டை மஞ்சட்கருவை ஊசிமுனையளவு தண்ணீரில் கரைத்து ஒரு சொட்டு விடலாம். ஆனால் அது சீக்கிரம் தண்ணீரைக் கெடுக்கும், நான் அவ்வளவாக விரும்புவதில்லை.

குஞ்சுகள் நேராக நீந்தத் தொடங்கியதும் ஆண் மீனை எடுத்துவிடுங்கள். அதுவரை அதுதான் நல்ல காவல்.

---

ஆய்வுகூடம்_திருமலை எழுதியது:

தம்பி, நான் இங்கே ஒரு பாடசாலையின் உயர்தர உயிரியல் ஆய்வுகூடத்தில் நெடுங்காலம் உதவியாளராக இருந்தவள், இப்போது ஓய்வு. பிள்ளைகளின் செய்முறைக்குப் பரமேசியம் வளர்த்துக் கொடுப்பது என் பொறுப்பாக இருந்தது. நீங்கள் கேட்டது எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பெயர். இன்ஃபியூசோரியா ஒரு உயிரின் பெயர் அல்ல. அதற்குள் இருக்கும் லத்தீன் சொல்லுக்கு ஊற்றி ஊறவைத்தது என்று பொருள். தேயிலையில் கொதிநீர் ஊற்றி வைக்கிறோமே, அதுவும் அதுதான். சித்த வைத்தியர்கள் ஊறல் குடிநீர் என்பார்கள், அதுவும் அதுதான். வைக்கோலோ புல்லோ மிளகோ ஊறிய தண்ணீரில் காணப்பட்ட கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பெயராக 1760களில் ஜெர்மன் அறிஞர்கள் இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். பெயர் அந்த உயிரின் உருவத்தையோ குணத்தையோ சொல்லவில்லை, அகப்பட்ட இடத்தைச் சொல்கிறது. வாழைப்பழத்தோலுக்கும் பெயருக்கும் உள்ள தொடர்பு அவ்வளவுதான்: தோல் ஊறுகிறது, ஊறலில் உயிர் பெருகுகிறது.

ஏன் எல்லோரும் ஊறலைப் போய்ப் பார்த்தார்கள்? அதற்கு மிளகு ஒரு காரணம். ஒல்லாந்தில் டெல்ஃப்ட் நகரில் துணி வியாபாரியாக இருந்தவர் அன்டனி வான் லேவன்ஹூக். தானே உரசி எடுத்த ஒற்றை வில்லையை வைத்து 1674இல் ஊருக்கு அருகே இருந்த ஏரித்தண்ணீரில் சின்னஞ்சிறு உயிர்களைக் கண்டார். பிறகு, மிளகு ஏன் நாக்கில் உறைக்கிறது என்று அறிய ஆசைப்பட்டார். மிளகுக்குள் கூரான துணிக்கைகள் இருந்து நாக்கைக் குத்துகின்றனவோ என்பது அவருடைய எண்ணம். உடைத்துப் பார்க்க வசதியாக மிளகைத் தண்ணீரில் ஊறவிட்டார். 1676 ஏப்ரலில் அந்தத் தண்ணீரை எடுத்துப் பார்த்தபோது நம்ப முடியாத அளவுக்கு உயிர்கள். உறைப்புக்குக் காரணம் கிடைக்கவில்லை, வேறொன்று கிடைத்தது. அவற்றில் சில இன்று நாம் பக்றீரியா என்று சொல்பவை.

அந்த மிளகு ஐரோப்பாவுக்குப் போனது பெரும்பாலும் ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனிக் கப்பல்களில். டெல்ஃப்டிலேயே கம்பனியின் கிளை ஒன்று இருந்தது. நம் திருகோணமலைப் பிரட்ரிக் கோட்டையில் இருந்த அதே கம்பனி. பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் உடனே முகம் மலரும், நம் கடற்கரைக்கும் அந்த மேசைக்கும் ஒரு வழி இருக்கிறதே என்று.

1676 அக்டோபரில் லண்டனில் உள்ள அரச கழகம் என்ற அறிவியல் சங்கத்துக்கு அவர் நீண்ட கடிதம் எழுதினார். அங்கே நம்பவில்லை. 1677 நவம்பரில் கழகத்தைச் சேர்ந்த ரொபர்ட் ஹூக் மிளகு ஊறிய தண்ணீரைத் தானே தயாரித்து, நுணுக்குக்காட்டியில் வைத்துக் கழகத்தாருக்குக் காட்டிய பிறகுதான் விஷயம் உறுதியாயிற்று.

அகப்பட்ட இடத்தை வைத்துப் பெயர் சொன்னதால் ஒரு சிக்கல் வந்தது. ஊறலில் என்னென்ன தெரிந்ததோ எல்லாம் அந்தப் பெயருக்குள் போய்விட்டன. பக்றீரியா, நுண்மயிர் போன்ற பிசிர் உள்ளவை, சாட்டை போன்ற சவுக்குமுளை உள்ளவை, தயற்றம் என்ற நுண்பாசி, ஏன், பல கலங்கள் கொண்ட ரொட்டிபர் என்ற நுண்விலங்குகூட. 1838இல் பெர்லின் அறிஞர் எரன்பெர்க் மிகப் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். அவர் இந்த உயிர்களுக்கு அவுரிச் சாயமும் கார்மைன் சிவப்பும் ஊட்டிப் பார்த்தவர். உடம்புக்குள்ளே சாயம் உருண்டை உருண்டையாகச் சேர்வதைக் கண்டு ஒவ்வொன்றும் ஒரு இரைப்பை என்று நினைத்தார். ‘பல வயிறு உள்ளவை’ என்றே ஒரு கூட்டத்துக்குப் பெயரும் வைத்தார். பிரான்சில் துஜார்டன் அது சரியில்லை என்று வாதிட்டார். 1845இல் சீபோல்ட் இவை ஒரே கலத்தால் ஆனவை என்று எடுத்துச் சொல்லி, புரற்றோசோவா என்ற பெயரை அந்தப் பொருளில் நிறுத்தினார். அதன் பிறகு இன்ஃபியூசோரியா என்ற சொல் சுருங்கிச் சுருங்கி, பிசிர் உள்ளவற்றை மட்டும் குறித்தது. இன்று வகைப்பாட்டில் அதற்கு இடமே இல்லை. தங்கச்சியின் புத்தகத்தில் இல்லாததற்குக் காரணம் அதுதான். மீன் வளர்ப்பவர்கள் மட்டும் விடாமல் வைத்திருக்கிறார்கள், அது எனக்குச் சந்தோஷம். உங்கள் வேலைக்கு அந்தப் பழைய பெயர்தான் பொருத்தம், ஏனென்றால் குஞ்சுக்கு வேண்டியது தனி ஒரு உயிர் அல்ல, பல அளவில் பல உயிர் கலந்த தண்ணீர். முதல் நாள் மிகச் சிறியதைப் பிடிக்கும், இரண்டு நாள் கழித்துப் பரமேசியத்தை விழுங்கும்.

எரன்பெர்க் கண்ட ‘வயிறுகளை’ நீங்களும் பார்க்கலாம். ஈஸ்ட்டைக் கொங்கோ சிவப்புச் சாயத்தோடு காய்ச்சி, ஆறியதும் ஒரு சொட்டைப் பரமேசியம் உள்ள சொட்டோடு கலப்போம். கண்ணாடித் தட்டில் நாலு பஞ்சு நூலைப் பிரித்துப் போட்டால் அவை ஓட முடியாமல் நூலுக்கு நடுவே தங்கும். பத்து நிமிடத்தில் உடம்புக்குள் சிவப்பு உருண்டைகள் சேரும். பிறகு ஒவ்வொன்றாக ஊதா, நீலம் என்று மாறும். உருண்டைக்குள் அமிலம் சுரக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அவை இரைப்பைகள் அல்ல, உணவுப் புன்வெற்றிடங்கள். ஒன்று தோன்றி, உடம்பைச் சுற்றி வந்து, கழிவைத் தள்ளிவிட்டு மறைந்துபோகும். இரண்டு முனைப்பக்கமும் நட்சத்திரம் மாதிரி விரிந்து சுருங்கும் வேறு இரண்டு புன்வெற்றிடங்கள் தெரியும். அவை உள்ளே ஊறி வரும் தண்ணீரை வெளியே இறைக்கின்றன, மாறி மாறி. பிள்ளைகள் அதைப் பார்க்கத் தொடங்கினால் மணி அடித்தாலும் கதிரையை விட்டு எழும்பமாட்டார்கள்.

சரி, செய்முறை. நான் நம்புவது வைக்கோல். தம்பலகாமம் பக்கத்தில் வயல் வைத்திருப்பவர் யாராவது தெரிந்தால் ஒரு பிடி வாங்குங்கள், ஆனால் மருந்து அடித்த வயலா என்று கட்டாயம் கேளுங்கள். பூச்சிமருந்து ஒட்டிய வைக்கோலில் ஒன்றும் வராது, வந்தாலும் குஞ்சுக்கு ஆகாது. விரல் நீளத்துக்கு வெட்டி, ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு பிடி போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, மூடி ஆறவிடுங்கள். ஆறிய பிறகு சீனக்குடாத் தம்பி தரும் விதைத் தண்ணீரை விடுங்கள். வெயில் நேரே படாத, வெளிச்சம் உள்ள இடத்தில் வையுங்கள். உவர்த் தண்ணீர் வேண்டாம். உப்பு ஏறினால் அந்த நட்சத்திரங்களின் ஓட்டமே மெதுவாகிவிடும்.

முதலில் தண்ணீர் பால் மாதிரிக் கலங்கும். அது பக்றீரியா, அப்போது கொடுக்காதீர்கள். இரண்டு மூன்று நாளில் கலங்கல் தெளியத் தொடங்கும். பக்றீரியாவைத் தின்னும் கூட்டம் பெருகிவிட்டது என்று அர்த்தம். இரவில் போத்தலுக்குப் பின்னால் ரோர்ச் பிடித்துப் பாருங்கள். வெள்ளைத் தூசு போல, ஆனால் தன் விருப்பத்துக்குத் திரும்பித் திரும்பிப் போகிற புள்ளிகள் தெரிந்தால் அவைதான். பெரிய பரமேசியம் கால் மில்லிமீற்றர் அளவு, நல்ல கண்ணுக்கு வெறுமனே தெரியும்.

---

மூதூர்க்_காற்று எழுதியது:

அக்கா, ஹூக் என்ற பெயரைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் மூதூர். எங்கள் ஊரில் ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸுக்கு நினைவுக்கல் இருப்பது பலருக்குத் தெரியும். 1660இல் அவருடைய தகப்பனின் கப்பல் கொட்டியாரக் குடாவில் நங்கூரம் போட்டிருந்தபோது கண்டி அரசனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். பத்தொன்பது வருடத்துக்கு மேல் கண்டி நாட்டில் சிறை இருந்தார். லேவன்ஹூக் மிளகை ஊறப்போட்ட 1676இலும் நொக்ஸ் உள்நாட்டில்தான். 1679இல் தப்பி, மன்னார்ப் பக்கம் ஒல்லாந்தரிடம் போய்ச் சேர்ந்து, அடுத்த வருடம் லண்டன் போனார்.

அங்கே அவரைத் தேடிப் பிடித்து, பேசிக் கேட்டு, இலங்கை பற்றிய அவருடைய நூல் 1681இல் வெளிவர உதவி செய்தவர் இதே ரொபர்ட் ஹூக். முன்னுரையும் அவருடையது. மிளகுத் தண்ணீரில் நுண்ணுயிரைக் காட்டிய மனிதர் நாலே வருடத்தில் கொட்டியாரத்தில் பிடிபட்ட மனிதரின் கதையையும் உலகத்துக்குக் கொண்டுவந்தார். எங்கள் ஊர்ப் பாடசாலைப் பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாகப் படிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

---

உப்புவெளி_பைற்றர் எழுதியது:

அக்கா, மிக்க நன்றி. வைக்கோல் கிடைத்துவிட்டது, நாளைக்குச் சீனக்குடாவுக்குப் போய்ப் போத்தலும் எடுப்பேன். படிக்கும்போது ஒரு கேள்வி வந்தது. வைக்கோலைக் கொதிக்கவைத்தால் அதில் உள்ள எல்லாம் செத்துவிடுமே. பிறகு எப்படிப் பக்றீரியா வந்து கலங்கும்? கொதிக்கவைக்காமல் போட்டால் விதை இல்லாமலே வரும் என்று கடையில் சொன்னதும் உண்மையா? அது எங்கிருந்து வருகிறது? கோட்டைக்குள் மான் மேயும் இடத்தில் காய்ந்த புல் நிறைய இருக்கிறது, அது ஆகுமா?

---

அநுராதபுரச்_சந்தி எழுதியது:

மகன் உயர்தரம் எடுக்கிறான், அவனுக்காக வாசித்துக்கொண்டு வந்தேன். இரண்டு விஷயம். ஒன்று, வீட்டில் போத்தலில் தண்ணீர் தேக்கி வைத்தால் நுளம்பு முட்டையிடும். மழைக்காலம் வேறு வருகிறது. எங்கள் வட்டாரத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வீடு வீடாக வந்து பூச்சாடித் தட்டு வரைக்கும் பார்க்கிறார், அது சரியான வேலைதான். ஊறல் போத்தலுக்கு என்ன பாதுகாப்பு? மற்றது, பரீட்சையில் இன்ஃபியூசோரியா என்று எழுதினால் புள்ளி கிடைக்குமா?

---

ஆய்வுகூடம்_திருமலை எழுதியது:

மூதூர்க்காரரே, ஹூக்கும் நொக்ஸும் பழகியது எனக்குப் புதிய செய்தி, மனம் நிறைந்துவிட்டது. பாடசாலையில் இருந்த காலத்தில் தெரிந்திருந்தால் சுவரில் எழுதி ஒட்டியிருப்பேன்.

அம்மா, நீங்கள் கேட்டது முக்கியம். போத்தல் வாயை மெல்லிய பருத்தித் துணியால் இரண்டு மடிப்பாக மூடி, இறுக்கிக் கட்டுங்கள். காற்றுப் போகும், நுளம்பு போகாது. திறந்த வாளியில் யாரும் ஊறல் போட வேண்டாம். துணி கிழிந்து உள்ளே குடம்பி தெரிந்தால் அந்தத் தண்ணீரை மண்ணில் ஊற்றிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

பரீட்சைக்கு அந்தச் சொல் வேண்டாம். பிசிர் உள்ள கூட்டம் இன்று சிலியோபோரா. மகன் ஆர்வமாகக் கேட்டால் மட்டும் இதைச் சொல்லுங்கள்: பரமேசியம் என்ற பெயரை 1752இல் ஜோன் ஹில் வைத்தார், கிரேக்கத்தில் நீள்வட்டமானது என்று பொருள். செருப்பு வடிவம் என்று நாம் மனப்பாடம் செய்கிறோமே, அது பிரெஞ்சுக்காரர் லூயி ஜொப்லோவிடம் இருந்து வந்தது, அவர் 1718இலேயே அப்படி வர்ணித்தார். ஊறலில் சுருள் காம்பில் நின்று தண்ணீரைச் சுழற்றும் வோட்டிசெல்லாவுக்குச் சிறு சுழி என்று பொருள். எக்காளம் மாதிரி இருக்கும் ஸ்ரென்ரருக்கு, ஹோமரின் காவியத்தில் உரத்த குரலில் கூவும் போர்வீரனின் பெயர். இந்தப் பெயர்கள் எல்லாம் உருவத்தையோ அசைவையோ பார்த்து வைத்தவை.

தம்பி, எங்கிருந்து வருகிறது என்று கேட்டீர்களே, அந்தக் கேள்வியில் ஐரோப்பா நூற்றைம்பது வருடம் சண்டை பிடித்தது. சண்டை நடந்ததும் பெரும்பாலும் இதே ஊறலை வைத்துத்தான். ஜொப்லோ வைக்கோலைக் கொதிக்கவைத்து இரண்டு பாத்திரத்தில் பிரித்து, ஒன்றை மூடினார், ஒன்றைத் திறந்து வைத்தார். திறந்ததில் மட்டும் உயிர் வந்தது. 1748இல் நீடம் என்ற பாதிரியார் இறைச்சிச் சாற்றைச் சூடாக்கி, தக்கையால் அடைத்தும் உயிர் வந்ததைக் காட்டி, உயிர் தானாகவே தோன்றும் என்றார். 1765இல் இத்தாலியில் ஸ்பலன்சானி போத்தல் கழுத்தையே உருக்கி ஒட்டி, முக்கால் மணித்தியாலம் போலக் கொதிக்கவைத்தார், ஒன்றும் வரவில்லை. கடைசியில் 1860களின் தொடக்கத்தில் பாஸ்ரர் அன்னம் போல வளைந்த கழுத்துள்ள குடுவைகளை வைத்து, உயிர் தானாகத் தோன்றாது என்று வழக்கை முடித்தார் என்று நாம் படிக்கிறோம்.

ஆனால் வைக்கோல் அவ்வளவு எளிதில் விடவில்லை. பாஸ்ரர் கொதிக்கவைத்தது பெரும்பாலும் ஈஸ்ட் கலந்த சீனித் தண்ணீர். அவரை எதிர்த்த பூஷே வைக்கோல் ஊறலில் செய்தார், அதில் கொதித்த பிறகும் உயிர் வந்தது. காரணத்தை 1876இல் ஃபெர்டினான்ட் கோன் கண்டார். வைக்கோலில் ஒரு பக்றீரியா இருக்கிறது, பசிலஸ் சப்டிலிஸ். அது தடித்த சுவருள்ள வித்தியாக மாறிக் கொதிநீரையும் தாங்கும், தண்ணீர் ஆறியதும் முளைக்கும். இங்கிலாந்தில் ரின்டாலும் இதே வைக்கோலோடு மல்லுக்கட்டி, அடுத்த வருடமே ஒரு வழி கண்டார்: ஒரே மூச்சில் நெடுநேரம் காய்ச்சாமல், இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பச் சூடாக்குவது. இடைவெளியில் வித்தி முளைக்கும், முளைத்ததை அடுத்த சூடு கொல்லும். உங்கள் போத்தலின் மேலே இரண்டாம் நாள் மெல்லிய ஆடை படர்வதைப் பார்ப்பீர்கள், அதில் பெரும்பங்கு அந்த பசிலஸ்தான். அது கெட்டது அல்ல, உங்கள் கூட்டத்தின் முதல் சாப்பாடு.

பிசிர் உள்ளவற்றின் கதை வேறு. அவை கொதியைத் தாங்காது, ஆனால் காய்ந்து வறண்டு கிடப்பதைத் தாங்கும். அறுவடைக்கு முன் வயலில் தண்ணீர் வற்றும்போது கொல்போடா போன்றவை உருண்டு, தங்களைச் சுற்றிக் கெட்டி உறை போட்டுக்கொண்டு தாளோடு ஒட்டிக்கிடக்கும். வைக்கோல் கட்டோடு வண்டி ஏறும், கூரையில் பல வருடம் கிடக்கும். தண்ணீர் பட்டால் சில மணித்தியாலத்தில் உறையை விட்டு நீந்தும். கடையில் சொன்னது அதனால் உண்மைதான். காய்ச்சாத வைக்கோலில் முதலில் கிளம்புவது பெரும்பாலும் கொல்போடா, அவரைவிதை வடிவம். பரமேசியம் அப்படி உறை போடுவதாக உறுதியான சான்று இல்லை, அது குளத்துத் தண்ணீரோடுதான் வர வேண்டும். ஆகவே நான் செய்வது, காய்ச்சிய ஊறலில் காய்ச்சாத தாள் ஒன்றையும் நறுக்கிப் போட்டு, குளத்துத் தண்ணீரையும் துணியில் வடித்து விடுவது. வடிக்காவிட்டால் குஞ்சைத் தின்னும் தும்பிக் குடம்பியும் கூடவே வரும்.

கோட்டைப் புல் வேண்டாம், அது மானுக்கு இருக்கட்டும். மான் என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். மாடு, ஆடு, மான் போன்று அசைபோடும் விலங்குகளின் முதல் இரைப்பையும் ஒரு ஊறல்தான். தின்ற புல் அங்கே வெதுவெதுப்பாக ஊறுகிறது. 1843இல் பாரிசில் குருபியும் டெலாஃபோனும் அதற்குள்ளே பிசிர் உள்ள உயிர்கள் கூட்டமாக நீந்துவதைக் கண்டார்கள். மாட்டின் இரைப்பைச் சாற்றில் ஒரு மில்லிலீற்றருக்கு லட்சக்கணக்கில் இருக்கக்கூடும். அவற்றையும் இரைப்பை இன்ஃபியூசோரியா என்றே வெகுகாலம் எழுதினார்கள்.

---

சீனக்குடா_மீன்தொட்டி எழுதியது:

தம்பி இன்று வந்து போத்தல் எடுத்துக்கொண்டு போனார். அக்கா, ஒரு சந்தேகம். ஊறலைக் குஞ்சுத் தொட்டியில் விடும்போது அழுகல் தண்ணீரும் சேர்ந்து போகிறது. நான் நாளுக்கு மூன்று நாலு தரம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடுகிறேன், அப்படியும் சில நேரம் தொட்டி நாறுகிறது. சுத்தமாகப் பிரிக்க வழி இருக்கிறதா?

---

ஆய்வுகூடம்_திருமலை எழுதியது:

இருக்கிறது, செலவும் இல்லை. கழுத்து நீண்ட கண்ணாடிப் போத்தல் ஒன்றில் ஊறலைக் கழுத்தின் அடி வரைக்கும் நிரப்புங்கள். கழுத்துக்குள்ளே ஒரு பஞ்சு உருண்டையைத் தண்ணீரைத் தொடும்படி, அதிகம் இறுக்காமல் செருகுங்கள். பஞ்சுக்கு மேலே குளோரீன் போன நல்ல தண்ணீரை மெதுவாகச் சுவரோடு விட்டு நிரப்புங்கள். பரமேசியத்துக்கு மேல்நோக்கி நீந்தும் பழக்கம் உண்டு, கீழே ஊறலில் ஒட்சிசனும் குறைவு. சில மணித்தியாலத்தில் பஞ்சு நாருக்கு இடையே நுழைந்து மேலே தெளிந்த தண்ணீருக்கு வந்துவிடும், அழுகல் கீழேயே நிற்கும். மேலே இருப்பதைத் துளிசொட்டியால் எடுத்துக் குஞ்சுகளுக்கு விடுங்கள். மாலையில் வைத்தால் காலைச் சாப்பாட்டுக்குத் தயார்.

விதைக்கு ஒரு போத்தலைத் தனியாக வைத்திருங்கள். இரண்டு கிழமைக்கு ஒருக்கால் அவித்த கோதுமை மணி இரண்டு போட்டு, பாதித் தண்ணீரை மாற்றினால் மாதக்கணக்கில் நிற்கும். குஞ்சுகள் ஒரு கிழமை வளர்ந்ததும் அப்போதே பொரித்த ஆர்ட்டீமியா என்ற சிற்றிறாலுக்கு மாற்றலாம், ஆனால் கூட்டத்தில் பின்தங்கிய சின்னன்களுக்காக ஊறலையும் இன்னும் சில நாள் சேர்த்தே கொடுங்கள்.